பன்னிரண்டுக்குப் பத்து

நாயுடுபுரம், கொடைக்கானல்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த வாரம் நான்கு முறை அப்பாவின் போனிலிருந்து உன்னை அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் நீ போனை ரோகிணியிடம் கொடுத்துவிடுகிறாய். "அம்மா சோலியா இருக்காங்களாம்க்கா" என்று அவள் சொல்லும்போது, பக்கத்தில் நின்று நீதான் சொல்லிக்கொடுக்கிறாய் என்பது எனக்குத் தெரிகிறது. கடிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது. அதனால் எழுதுகிறேன். வில்பட்டியிலிருந்து காரட் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் பழனிமுத்து அண்ணன் இதை நம் வாசலில் கொடுப்பார். நீ பதில் எழுதினால் திரும்பி மலை ஏறும்போது வாங்கிக்கொள்வார்.

நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. லீவுக்கு நான் பழனி வந்திருந்தபோது, தைப்பூசத்துக்கு முந்தின சனிக்கிழமை, நீ லாட்ஜ் வேலைக்கு வெள்ளனே கிளம்பிப் போன பிறகு, ஆயக்குடி அன்னதானப் பந்தல்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு நம் தெருவுக்கு வந்தார்கள். பெரிய பாத்திரம் இருந்தால் இரவல் கொடுங்கள், பூசம் முடிந்ததும் திருப்பித் தருகிறோம் என்று கேட்டார்கள். பரண் மேலிருந்த பித்தளை அண்டாவை நான்தான் காட்டினேன். அவர்களே ஏறி இறக்கினார்கள். நோட்டில் உன் பெயரை எழுதப் போனபோது, எழுத வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் நான்தான்.

என் பதினான்கு வயதில் அந்த அண்டாவில் ஒரு பிடி அரிசி வெந்து பார்த்ததில்லை. பொங்கலுக்கு முன்னால் இறக்கி, புளி போட்டுத் துலக்கி, பழைய சேலையில் சுற்றி மறுபடி ஏற்றுவாய். எங்கள் பள்ளி நூலகத்தில் குறைந்த பொருள்களோடு குடும்பமாக வாழ்வதைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். ஒரு வருஷம் பயன்படாத பொருள் வீட்டில் இடத்தை மட்டுமே சாப்பிடுகிறது என்று அதில் இருந்தது. அதைப் படித்த வேகத்தில் செய்தேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். "மாமா பாத்துட்டாராம்" என்பதற்கு மேல் அப்பா எதுவும் சொல்ல மறுக்கிறார். என்ன நடந்தது என்று நீயே சொல்.

நான் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அடிவாரத்தில் நம் பொம்மை, வளையல் கடை இருந்த கட்டடத்தை இடித்து ஒன்பது மாதம் ஆகிறது. அப்பா இங்கே விருந்தினர் பங்களாவில் காவலும் தோட்டமும் பார்க்கிறார். நான் அவரோடு வந்து ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். கடையில் மிஞ்சிய சரக்கு இருபத்தாறு அட்டைப்பெட்டி, பழனியில் உன்னோடும் ரோகிணியோடும் குடியிருக்கிறது. இங்கே கொடுத்திருக்கும் குவார்ட்டர்ஸ் ஒரே அறை, ஒரு சின்னச் சமையல்கட்டு. "சாமானை எங்க வைக்கிறது" என்று நீ கேட்டாய். அந்த ஒரு கேள்வியில் நம் குடும்பம் இரண்டாகக் கிடக்கிறது.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் நாம் நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதை நான் செய்வேன்.

உன் மகள்,
தாரணி


பழனி
23-2-2025

தாரணிக்கு,

கடிதம் கிடைத்தது. பழனிமுத்து ஹார்ன் அடித்துத் தெருவையே எழுப்பித்தான் கொடுத்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். அடுத்தவர் பொருளைத் திருத்துவதில்தான் உனக்கு ஆசையாயிற்றே.

என்ன நடந்தது என்று கேட்டாய். சொல்கிறேன். உன் குருநாதன் மாமா வருஷா வருஷம் ஆயக்குடிப் பந்தலில் பாதயாத்திரைக்காரர்களுக்குப் பரிமாறுகிறவர். பூசத்தன்று சாம்பார் மொள்ள அண்டாவுக்குள் கரண்டியை விட்டிருக்கிறார். விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறது. "தங்கை விசாலாட்சிக்கு அண்ணன் குருநாதன் சீர்." பக்கத்தில் தேதி. இந்தப் பாத்திரம் எப்படி வந்தது என்று கேட்டால், பழனியில் ஒரு வீட்டில் வேண்டாம் என்று கொடுத்துவிட்டார்கள் என்று பந்தல்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் அவருடைய மச்சினன்மார் இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள்.

மறுநாள் நம் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. "வேண்டாம்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல ஆத்தா. எம்பேரு போட்ட ஏனத்துலயிருந்து நானே மொண்டு ஊத்துறேன்" என்றார். அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் தோப்பில் கொய்யா காய்க்காத வருஷத்தில் என் கல்யாணம் வந்தது. அந்த அண்டாவுக்காகத் தன் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போட்டவர் அவர். உன் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் இருக்கிறதா?

இன்னொன்று. ஒரு வருஷம் தொடாத பொருள் வெளியே போக வேண்டும் என்றால் உன் தகரப் பெட்டி ஏன் போகவில்லை? மலைக்கு ஏறும்போது அதைத் தூக்க இரண்டு ஆள் வந்தார்கள். நீ ஒன்றாம் வகுப்பில் படித்த தமிழ்ப் புத்தகம் கூட அதில் இருக்கிறது. அதை ஆட்டோவில் ஏற்றத் தோன்றவில்லை. அம்மாவின் அண்டா மட்டும் கண்ணில் பட்டது.

சரக்குப் பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்தில் ஏதாவது ஒரு கடை காலியாகும். அன்றைக்கு விரித்து வைக்கச் சரக்கு வேண்டும். உங்கள் அப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார். நானும் விட்டால் நமக்குக் கடையே இருந்ததில்லை என்று ஆகிவிடும். நான் வரவில்லை. நீ நன்றாகப் படி. ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அம்மா


கொடைக்கானல்
2 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

பெயர் வெட்டியிருந்தது எனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தப் புள்ளிகளை விரலால் தடவித்தான் "வி" எழுதக் கற்றுக்கொண்டேன். ஆனால் அன்று அது என் நினைவுக்கே வரவில்லை. அண்டாவைப் பார்த்தபோது அது அடைத்திருந்த இடத்தைத்தான் பார்த்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பு. மன்னித்துவிடு என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அதனால் எழுதவில்லை, செய்து காட்டுகிறேன்.

தகரப் பெட்டியைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் கோபம் மட்டும் வந்தது. புத்தகமும் பாத்திரமும் ஒன்றா என்று அப்பாவிடம் கேட்டேன். "எனக்கு ரெண்டுமே கனமாத்தான் இருந்துச்சு" என்றார்.

ஆனால் ஜூன் மாதத்தைப் பற்றிய பேச்சை நான் விடப் போவதில்லை. இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன். பிறகு நீ முடிவு செய்.

அப்பாவுக்கும் எனக்கும் ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாப்பிட்டவர்தான் கழுவ வேண்டும், இல்லையென்றால் அடுத்த வேளைக்குத் தட்டு கிடையாது. அதனால் பாத்திரம் சேருவதே இல்லை. அறையைப் பெருக்க நாங்கள் எதையும் நகர்த்துவதில்லை. புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று போக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறேன். அப்பா புதுத் தொப்பி வாங்கியபோது பழையதை மறைத்து வைக்கப் பார்த்தார், பிடித்துவிட்டேன். வேண்டுமா வேண்டாமா என்று தெரியாதவற்றை ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டுகிறோம். ஒரு மாதத்தில் யாரும் தேடவில்லை என்றால் கொடுத்துவிடுகிறோம். இந்த ஊர்ப் பனியும் எங்களோடு சேர்ந்துகொள்கிறது. எடுக்காமல் வைத்த துணியும் செருப்பும் இரண்டே வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும்.

மிச்சமாகிற நேரத்தில் என்ன செய்கிறோம் தெரியுமா? விளக்கு வைத்ததும் அப்பா தாயக்கட்டை உருட்டுகிறார். தோற்றால் கடைக்கு வந்த ஆட்களைப் பற்றிக் கதை சொல்ல வேண்டும். மொட்டை போட்ட பையனுக்குத் தொப்பி கேட்டு, மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் சீப்பு வாங்கிப் போன ஆளின் கதையை நேற்றுச் சொன்னார். பழனியில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டில் கால் நீட்ட இடமில்லாமல் அவர் ஐந்து வருஷம் கடையிலேயே படுத்துக்கொண்டார் என்பது உனக்குத் தெரியும். நாம் நாலு பேரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து கடைசியாக எப்போது சாப்பிட்டோம்? யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவில்லை. நாலு தட்டு வைக்கத் தரை இருக்கவில்லை.

கஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குழாயில் ஞாயிறும் வியாழனும்தான் தண்ணீர் வருகிறது. எங்களிடம் இரண்டு வாளி, ஒரு பிளாஸ்டிக் குடம். புதன்கிழமை ஆனால் வாளியின் அடி தெரியும். பங்களாத் தொட்டி விருந்தாளிகளுக்கு என்று அப்பா அதைத் தொடுவதில்லை. சரிவில் இறங்கி ஊற்றிலிருந்து தூக்கி வருகிறார். முழங்கால் வலி என்று உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லிவிட்டேன்.

இதனுடன் ஒரு சணல் கயிறு வைத்திருக்கிறேன். பழனிமுத்து அண்ணன் மூட்டை கட்டும் கயிறுதான். எங்கள் அறையைச் சுற்றி அளந்து, மூலைக்கு ஒரு முடிச்சாக நாலு முடிச்சுப் போட்டிருக்கிறேன். நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்து. தரையில் விரித்துப் பார். இது எவ்வளவு சின்னது என்று வாதாடுவதற்காகவாவது விரித்துப் பார்.

தாரணி


பழனி
14-3-2025

தாரணிக்கு,

கயிறு வந்தது. கொடி கட்ட உதவும் என்று ஆணியில் மாட்டினேன்.

ரோகிணி விடவில்லை. அக்கா வீட்டை விரி, அக்கா வீட்டை விரி என்று மூன்று நாள் பின்னாலேயே திரிந்தாள். சரி என்று விரிக்கப் போனால் வீட்டில் எங்கேயும் அதை விரிக்க இடமில்லை. முன்அறையில் நடக்க ஒரு ஆள் தடம். பின்அறையில் அதுவும் இல்லை. இதைப் படித்து உனக்குச் சிரிப்பு வரும். வரட்டும்.

மொட்டைமாடியில் விரித்தோம். அவள் உள்ளே நின்று, இது அப்பா படுக்கிற இடம், இது நான் படுக்கிற இடம் என்று காலால் கோடு போட்டாள். "அம்மா, நீ எங்க படுப்ப" என்று கேட்டாள். நான் துணி காயப்போடுகிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கணக்கில் ஓட்டை இருக்கிறது. கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா? உள்பக்கம் என்றால் ஒரு மூலை உபயோகமில்லை. ஜன்னல் எந்தப் பக்கம்? சாரல் அடித்தால் படுக்கை நனையுமா? துணி எங்கே காயும்? பனியில் ஸ்கூல் யூனிபார்ம் எத்தனை நாளில் காயும்? பாய் நாலு விரித்தால் நடுவே யாராவது எழுந்து போக வழி உண்டா? புத்தகம் எழுதியவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று பார்.

கேட்டேன் என்பதால் வருகிறேன் என்று நினைக்காதே.

அப்பாவின் முழங்காலுக்கு நொச்சி இலை அனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் போட்டு ஒத்தடம் கொடு.

அம்மா


கொடைக்கானல்
23 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கதவு வெளிப்பக்கம் திறக்கும். ஜன்னல் கிழக்கே. சாரல் தெற்கிலிருந்து அடிக்கிறது, நனையாது. துணி காய மூன்று நாள் ஆகும். அதனால் ஆளுக்கு யூனிபார்ம் இரண்டு போதாது, மூன்று வேண்டும். இதை நான் யோசிக்கவில்லை, நீ கேட்ட பிறகு என் பட்டியலில் திருத்தினேன். நாலு பாய் விரித்தால் நடுவே ஒரு முழம் வழி இருக்கிறது. என் தகரப் பெட்டியை நகர்த்தினால் மட்டும்.

அந்தப் பெட்டி சமையல்கட்டு வாசலை ஒட்டி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்தேன். அறுபத்தொரு புத்தகம். அடியில் இருந்தவை பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இதுதான் என் சொத்து என்று நினைத்துக்கொண்டு எட்டு மாதமாக நான் திறக்கவே இல்லை, அம்மா. ஒவ்வொன்றாக எடுத்தேன். நம் தெருப் பூசாரி வீட்டில் பரிசாகக் கொடுத்த புத்தகத்தில் அவர்கள் என் பெயரை எழுதியிருக்கிறார்கள். நீ லாட்ஜில் யாரோ விட்டுப் போனதை எனக்காகக் கொண்டுவந்த புத்தகத்தில் ஒரு பஸ் டிக்கெட் இருக்கிறது. மாலை வரை உட்கார்ந்து ஒன்றைக்கூட ஒதுக்க முடியவில்லை. அப்பா தோட்டத்திலிருந்து வந்து, "என்ன பாப்பா, ஆட்டோவுக்குச் சொல்லவா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாராவது நான் பள்ளிக்குப் போயிருந்தபோது வந்து இந்தப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? போனை எடுத்திருக்கவே மாட்டேன்.

மூன்று ஞாயிறு ஆகும் என்று நினைக்கிறேன். ஆனாலும் செய்யப் போகிறேன். பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் வரும் பாண்டிச்செல்வி என் வகுப்பில் இருக்கிறாள். பூண்டு உரித்துக் கை எரிகிறது என்று சொல்லிக்கொண்டே கதைப் புத்தகம் படிப்பவள். ஆசிரியையிடம் கேட்டு வகுப்பின் பின்னால் ஒரு அலமாரி வாங்கியிருக்கிறோம். புத்தகங்கள் அங்கே போகும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். என்னிடம் ஒன்பது இருக்கும். ஏன் ஒன்பது என்றால், ஜன்னல் திட்டில் அவ்வளவுதான் நிற்கிறது.

இப்போது என் விதி ஒன்றே ஒன்றுதான். அவரவர் பொருளை அவரவர்தான் எடுத்து வைக்க வேண்டும். புத்தகத்தில் இது இல்லை. நானே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

வேறொரு கடிதமும் இன்று எழுதினேன். அது உனக்கல்ல. மாமா வாசலில் நின்றபோது நீ என் பெயரைச் சொல்லவில்லை என்று அப்பா நேற்றுத்தான் சொன்னார். அது எனக்குத் தாங்கவில்லை.

தாரணி


பழனி
13-4-2025

அன்புள்ள தாரணிக்கு,

நிறைய எழுத வேண்டியிருக்கிறது. ரோகிணி தூங்குகிற மத்தியானமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன் போன கடிதம் வந்த அன்றே முன்அறைப் பெட்டிகளைச் சுவரோரம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன். எதையும் தூக்கிப் போடவில்லை, அடுக்கினேன், அவ்வளவுதான். நடுவே உன் கயிற்றை விரித்து, அது நகராமல் இருக்கக் கோலப்பொடியால் கோடு போட்டேன். பதினைந்து நாள் நானும் ரோகிணியும் அந்தக் கோட்டுக்குள் இருந்து பார்ப்பது, என்ன வேண்டுமோ அதை மட்டும் உள்ளே எடுப்பது என்று முடிவு செய்தேன். இதை உன்னிடம் சொல்லவில்லை. முடியாமல் போனால் நீ எழுதப் போகும் கடிதத்தைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

முதல் நாள் பதினோரு தடவை கோட்டைத் தாண்டினேன். சாவி, தைலம், அரிவாள்மனை. நாலாம் நாள் இரண்டு தடவை. ஒரு வாரத்துக்குப் பிறகு வெளியே எடுக்கப் போனது ரோகிணியின் ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்றுதான். வேலை முடிந்து வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. ரோகிணி பக்கத்தில் வந்து படுத்து ஸ்கூல் கதையெல்லாம் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு மூன்று மாதமாகக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லையாம், தாரணி. நான் எப்போதும் எதையாவது நகர்த்திக்கொண்டே இருந்ததால் அவள் சொல்லவே இல்லை. கண்ணாடி போட்டாயிற்று. கவலைப்படாதே.

அதற்குப் பிறகுதான் பெட்டிகளைப் பிரித்தேன். சாவிக்கொத்தில் துரு. பொம்மைகளின் கண் வெளிறிப் போயிருந்தது. கண்ணாடி வளையல் பாதி உடைந்திருந்தது. கடைக்காகக் காத்திருக்கிறது என்று நான் நினைத்த சரக்கு உள்ளேயே செத்துக்கொண்டிருந்தது. பங்குனி உத்திரத்துக்கு அடிவாரத்தில் ஒரு தார்ப்பாய் விரித்தேன். எதிர்வீட்டு ராஜகுமாரி கூட வந்து நின்றாள். நல்லதை எல்லாம் ஒரே விலை சொல்லி விற்றோம். கூவிக் கூவித் தொண்டை போய்விட்டது. உங்கள் அப்பா கூவுவதை விட நான் நன்றாகக் கூவுகிறேன் என்று ராஜகுமாரி சொன்னாள். உடைந்ததைக் குப்பையில் போட்டேன். மிஞ்சிய இரண்டு பெட்டியை அவளே வண்டியில் வைத்து விற்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். கடை முடிந்தது. நானே முடித்தேன். ஒரு நாள் முழுக்க அடிவாரத்தில் கடை வைத்து முடித்தேன்.

நேற்று உன் மாமா வந்தார். டிவிஎஸ் வண்டியின் பின்னால் அண்டா. நடுத்தெருவில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சத்தம் போட்டார். "ஏத்தா, உம்மக கடுதாசி எழுதியிருக்கா. நாலு பக்கம். அதுல மூணு பக்கம் அவ மேலயே பிராது. நீ ஏன் அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா அவ மேல கோவிப்பீக. எம்மேலன்னா ஒரு வருசத்துல மறந்துருவீக" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து ஒரு தடவை தட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். பந்தல்காரர்களுக்குத் தன் வீட்டு அலுமினியக் குண்டாவைக் கொடுத்துவிட்டு இதை மாற்றி வாங்கியிருக்கிறார். உள்ளே வந்து கோலப்பொடிக் கோட்டைப் பார்த்தார். இதற்குள்தான் குடித்தனம் பண்ணுகிறோம் என்றதும், செருப்பை வெளியே விட்டு வந்தவர் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைக்கவே யோசித்தார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு தடவை ரசம் கேட்டார். போகும்போது, "இத எங்கத்தா வைக்கப் போற" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதுதான் கேள்வி. இப்போது அண்டா கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. பதினைந்து நாளில் எனக்கு எதெல்லாம் வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. நீ சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனால் இது வேண்டும். உபயோகம் உண்டா என்று கேட்டால் பதில் தெரியாது. என் அண்ணனை இரண்டாம் தடவை திருப்பி அனுப்ப மாட்டேன். இதன் வாய் இரண்டேகால் அடி. அங்கே இதற்கு இடம் பண்ணு. இடம் உண்டென்றால் இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்கிறேன். இல்லையென்றால் இல்லை. பட்டியல் உன்னுடையது. பதிலும் உன்னுடையதுதான்.

அம்மா


கொடைக்கானல்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு.

உன் கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். ராஜகுமாரி அத்தை சொன்ன இடம் வந்ததும், "பொய்யி" என்றார். பிறகு, "அவ நல்லாத்தான் கூவுவா" என்றார். அப்புறம் செடிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று வெளியே போனார். அப்போது மழை தூறிக்கொண்டிருந்தது.

இரண்டேகால் அடிக்கு அன்றைக்கே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சுற்றினேன். சமையல் மேடைக்கு அடியில் நுழையாது. ஜன்னல் ஓரம் வைத்தால் ரோகிணி படுக்க முடியாது. பரண் இங்கே கிடையாது. வெளியே தாழ்வாரத்தில் வைக்கலாம் என்றார் அப்பா. குரங்கு உருட்டிவிடும், மாமா பெயர் நசுங்கிவிடும் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே ஒரு இடம்தான் இருந்தது. சமையல்கட்டு வாசலை ஒட்டி, தகரப் பெட்டி.

பெட்டியில் கடைசியாக இருபது புத்தகம் பாக்கி இருந்தது. அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நேற்று அவற்றை எடுத்துக்கொண்டு போய் வகுப்பு அலமாரியில் வைத்தேன். அந்த ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை மட்டும் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பாண்டிச்செல்வி, தன் தம்பி இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு என்றாள். பாடம் மாறியிருக்கும் என்றேன். "எழுத்து மாறலையில்ல" என்று வாங்கிக்கொண்டாள். காலிப் பெட்டியைப் பழனிமுத்து அண்ணன் வண்டிச் சாமான் போட்டுவைக்க எடுத்துக்கொண்டார்.

பெட்டி இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது. துடைத்து அளந்தேன். இரண்டேகால் அடி போக, நாம் நடக்க அந்த ஒரு முழம் வழியும் மிஞ்சுகிறது.

அளந்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். சமையல்கட்டு வாசலை ஒட்டிய தண்ணீர்க் குழாய் அதற்கு நேர் மேலே சுவரில் இருக்கிறது. ஒன்பது மாதமாக என் பெட்டியின் மேல் சாய்ந்து குனிந்துதான் நாங்கள் வாளியில் தண்ணீர் பிடித்தோம்.

அம்மா, அந்த அண்டா ஐந்து குடம் கொள்ளும் என்று பொங்கலுக்குத் துலக்கும்போதெல்லாம் நீ சொல்லுவாய். ஐந்து குடமும் இரண்டு வாளியும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வியாழன் வரை வரும். அப்பா சரிவில் இறங்க வேண்டாம். நான் அதைக் கொடுத்த அன்று, அது எதற்கும் பயன்படாது என்று நினைத்தேன். உனக்கே பயன் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். நாம் இரண்டு பேருமே அதை வைக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

துலக்க நான் முறை எடுத்துக்கொள்கிறேன். வாரம் ஒரு முறை, புளி போட்டு. மாமாவின் பெயர் குழாய்ப் பக்கம் வேண்டாம், அறையைப் பார்த்து இருக்கட்டும். அவர் வரும்போது வாசலிலிருந்தே தெரியும்.

பழனிமுத்து அண்ணன் புதன்கிழமை காலை மூட்டைகளை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு நம் வாசலுக்கு வருவார். முப்பதாம் தேதி. வண்டி காலியாகத்தான் வரும் என்றாலும் அதை நிரப்ப வேண்டும் என்று அவசியமில்லை. ரோகிணியின் கண்ணாடியைக் கையில் கொடுக்காதே, முகத்தில் போட்டுக் கூட்டிக்கொண்டு வா. வழியில் எல்லாவற்றையும் அவள் பார்க்கட்டும். கயிற்றையும் மறக்காமல் கொண்டு வா. இங்கே துணி காயப்போடக் கொடி இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை, குழாயில் தண்ணீர் வரும் நாள். அதற்குள் வந்துவிடு.

தாரணி